என்எஃப்எல் ரத்தப் பரிசோதனை மதுரைப் பக்கம் எங்கே எடுக்கிறார்கள்?

எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். எங்க சித்தப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்), ஏஎல்எஸ் வகை என்று உறுதி செய்திருக்கிறார்கள். ரிலுசோல் மாத்திரை ஓடுகிறது. கையில் பலம் குறைந்துவிட்டது, பேச்சு இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. மல்லிகைத் தோட்டத்தில் நின்று எல்லாரையும் அதட்டுவதில் குறைச்சலே இல்லை!

நியூரோஃபிலமென்ட் லைட் செயின் (சுருக்கமாக என்எஃப்எல்) என்ற புரதம் பற்றிப் படித்தேன். நரம்பிழை சிதையும்போது இது ரத்தத்தில் கலக்கிறது. அளவு அதிகம் இருப்பவர்களுக்குப் பொதுவாக நோய் வேகமாக முற்றுகிறது. ஆனால் மற்ற நரம்பு நோய்களிலும் இது ஏறும், வயதானாலும் ஏறும், சிறுநீரகம் மந்தமானாலும் ஏறும். சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதல். அப்படியிருக்க, ஒரே ஒரு தடவை எடுத்த அளவை நம்பலாமா, இடைவெளி விட்டுத் திரும்ப எடுக்க வேண்டுமா?

2023-இல் அமெரிக்காவில் டோஃபெர்சன் என்ற ஏஎல்எஸ் மருந்துக்கு அனுமதி கிடைத்ததே இந்தப் புரதம் குறைந்ததை வைத்துத்தான். அது எஸ்ஓடி1 மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். அந்த மரபணுச் சோதனையையும் சேர்த்தே எடுத்துவிடலாமா?

மதுரையில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பும் லேப் எது, செலவு எவ்வளவு ஆகும், ரிசல்ட்டைப் பார்த்து உங்கள் டாக்டர் சிகிச்சையில் எதையாவது மாற்றினாரா என்று எடுத்தவர்கள் சொல்லுங்கள். நாள் குறிக்கக் கேட்கவில்லை. நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று தெரிந்தால், மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷின், உணவு செலுத்தும் வயிற்றுக் குழாய் இதற்கெல்லாம் முன்கூட்டியே பணம் புரட்ட வேண்டும், அதற்குத்தான். ஸ்டெம் செல் விளம்பரம் மட்டும் யாரும் அனுப்பாதீங்க, ப்ளீஸ்.