கேலக்சி எஸ்10இ: இன்னும் கையில் இருக்கத் தக்கதா?

கையடக்கன்:
2019இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்10இ பேசியைக் காலாவதியானது என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 5.8 அங்குலத் திரையும் 150 கிராம் எடையும் கொண்ட அதை, மறு கையில் குடை இருக்கும்போதும் ஒற்றைக் கட்டைவிரலால் இயக்க முடிகிறது. பவர் பட்டனிலேயே கைரேகை உணரி இருப்பதால், சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போதே பூட்டு திறந்துவிடுகிறது. இயர்போன் துளையும் மெமரி கார்டு வசதியும் இன்றைய விலையுயர்ந்த பேசிகள் பெரும்பாலானவற்றில் இல்லை.

இடக்கையாளர்:
அந்தப் பட்டன் வலப்பக்கத்தில், அதுவும் சற்று உயரத்தில் இருக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ள நான் ஆள்காட்டி விரலை வளைத்துத் தேடித்தான் திறந்தேன். இரட்டை சிம் வகையில் மெமரி கார்டைப் போட்டால் இரண்டாம் சிம்முக்கு இடமில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மின்கலப்பித்தன்:
இவை சில்லறைக் குறைகள். 3100 மில்லியாம்பியர் மணி பேட்டரி புதிதாக இருந்தபோதே மாலைக்குள் சார்ஜரைத் தேட வைத்தது. லித்தியம் அயனி பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு கொள்ளளவை இழக்கும் என்பதால், இன்று அதன் நிலை எப்படியிருக்கும் என்று நண்பர் கையடக்கனே சொல்லட்டும்.

கையடக்கன்:
மறைக்கவில்லை, நான் பேட்டரியை மாற்றிவிட்டேன். இப்போது இரவு வரை தாங்குகிறது.

மின்கலப்பித்தன்:
பசையால் ஒட்டிய பின்புறக் கண்ணாடியைச் சூடாக்கிப் பெயர்த்த பிறகு, ஐபி68 நீர்த்தடுப்பை நம்பி மழையில் எடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஆண்ட்ராய்டு 9உடன் வந்த இப்பேசி ஆண்ட்ராய்டு 12உடன் நின்றுவிட்டதும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2023இல் முடிந்துவிட்டதும்தான். அதன் பிறகு கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத பேசியில் வங்கிச் செயலியை வைத்திருப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் பணப்பெட்டியை வைப்பது போன்றதே.

இடக்கையாளர்:
இதில் நான் மின்கலப்பித்தன் பக்கம். கேமராவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்: தொலைநோக்கு லென்ஸ் இல்லையென்றாலும், 16 மெகாபிக்சல் அகலக்கோண லென்ஸ் பகல் வெளிச்சத்தில் இன்றும் கைகொடுக்கிறது. பாதுகாப்பில் அப்படிச் சமாதானம் செய்துகொள்ள முடியாது.

கையடக்கன்:
அந்த வாதத்துக்கு என்னிடம் பதிலில்லை. அதனால்தான் வங்கிச் செயலியை வேறொரு பெரிய பேசிக்கு மாற்றிவிட்டேன். பாட்டு, அழைப்பு, வாசிப்பு எல்லாம் இதிலேயே நடக்கின்றன.

மின்கலப்பித்தன்:
பையில் இடம் அடைக்கக் கூடாது என்று சிறிய பேசியை வைத்துக்கொண்டவர், இப்போது இரண்டு பேசிகளைச் சுமக்கிறீர்கள்.

கையடக்கன்:
சுமக்கவில்லை ஐயா. பெரியது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.