"பாடத்துக்குத்தானே, சார்?"

கலைக் கல்லூரி நூலகர்:
2020-இல் வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போன சமயம். வணிகவியல் துறைத் தலைவர் போன் செய்தார். "சார், அந்த காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் பண்ணி கூகுள் கிளாஸ்ரூமில் போட்டுடுங்க. பாடத்துக்குத்தானே?" கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அது 900 பக்கப் புத்தகம், கடையில் கிடைக்கிற புத்தகம். நான் தயங்கியதும் டெல்லித் தீர்ப்பை எடுத்து வீசினார்.

அந்தத் தீர்ப்பைப் பாதி கேட்டவர்கள்தான் அதிகம். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்ற அமர்வு, பதிப்புரிமைச் சட்டம் 52(1)(i) பிரிவின்படி கற்பித்தலுக்காகப் பிரதி எடுக்கலாம் என்றது. இத்தனை சதவீதம்தான் என்று கணக்கும் வைக்கவில்லை. ஆனால் எடுப்பது அந்தப் பாடத்துக்குத் தேவையான அளவாக இருக்க வேண்டும் என்றது. இந்தக் கடைசி வரிதான் யார் காதிலும் விழுவதில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்: "எந்த யூனிட்டுக்கு எந்த அத்தியாயம், சார்?" மறுநாள் நான்கு அத்தியாயங்களைக் குறித்து அனுப்பினார். மொத்தம் 86 பக்கம். அவசரத்தில் இரண்டு பக்கங்களில் என் கட்டைவிரலும் பதிந்துவிட்டது. முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர், பதிப்பு விவரம் போட்டு, அந்த வகுப்பு மட்டும் திறக்கும்படி வைத்தேன். செமஸ்டர் முடிந்ததும் எடுத்துவிட்டேன்.

பொறியியல் கல்லூரி நூலகர்:
அச்சுப் புத்தகம் என்பதால் தப்பித்தீர்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்காகச் சந்தா கட்டும் இணையத் தரவுத்தளத்தில், சட்டத்தோடு நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் ஆய்வு மாணவர் ஒருவர் ஏதோ மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டார். விடிவதற்குள் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இறங்கிவிட்டன. காலையில் வளாகத்தின் ஐபி (இணைய முகவரி) முழுவதையும் தரவுத்தள நிறுவனம் பிளாக் செய்திருந்தது. "படிக்கத்தானே சார் இறக்கினேன்" என்றார். ஆயிரக்கணக்கில்! மொத்தமாக இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருந்தது. சரி, அதை நானும் அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். விளக்கக் கடிதம், மாணவரிடம் உறுதிமொழி என்று ஒன்பது நாள் அலைந்த பிறகு திறந்துவிட்டார்கள். அந்த ஒன்பது நாளும் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) காத்திருந்த இன்னொரு மாணவி என் மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

உதவிப் பேராசிரியை:
நான் செய்த தப்பு வேறு மாதிரி. ஒரு கட்டுரையை இறக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாகவே போட்டுவிடுவேன். "லிங்க் போடுங்க மேடம், லாகின் பண்ணிப் படிக்கட்டும்" என்று நூலகர் சொல்லிக்கொண்டே இருந்தார். காப்பிரைட் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சந்தா புதுப்பிக்கும் நேரத்தில் நிர்வாகம் பயன்பாட்டுக் கணக்கைக் கேட்டது. அந்த இதழுக்கு வருடத்துக்கே 11 பதிவிறக்கம்தான் என்று வந்ததால் நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் அறுபது பேரும் அதைப் படித்திருந்தார்கள், என் வாட்ஸ்அப் பிடிஎஃப்பில்.