காதல் தவிர மற்ற அன்புக்கெல்லாம் நம்மிடம் சொல் இல்லையா?

மார்த்தாண்டத்தான்:
ஞாயிறு ஆராதனையில் போதகர் சொன்னார், கிரேக்கத்தில் அன்புக்கு நான்கு சொல் உண்டாம்: காதலுக்கு ஈரோஸ், நட்புக்கு பிலியா, குடும்பப் பாசத்துக்கு ஸ்டோர்கே, பிரதிபலன் பாராததற்கு அகாபே. சரி, நமக்கு? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எனக்கு உங்கள்மேல் எவ்வளவு பிரியம் என்று சொல்லலாமென வாயைத் திறந்தால், "பைசா ஏதும் வேணுமா மக்களே?" என்று கேட்டுவிட்டார். சொல் இல்லையா, சொல்கிற பழக்கம்தான் இல்லையா?

வடசேரி வாத்தியார்:
சொல்லுக்கா பஞ்சம் தம்பி? பாசம், நேசம், பரிவு, வாஞ்சை. குறளின் 133 அதிகாரத்தில் காமத்துப்பாலுக்கு 25தான். நட்பையே 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரத்தில் அலசியிருக்கிறார், அதில் 'பழைமை' என்று ஒன்று, நெடுநாள் பழகியவன் கேட்காமலே உரிமை எடுத்துக்கொண்டால் பொறுத்துப்போவதைப் பற்றி. அதற்குக் கிரேக்கத்தில் தனிச்சொல் உண்டா என்று போதகரிடம் கேளுங்கள் (சும்மா சொன்னேன்). அகாபேக்குப் பக்கத்தில் வருவது அருள். 757ஆம் குறளில் 'அருளென்னும் அன்பீன் குழவி', அதாவது அருள் என்பது அன்பு பெற்றெடுத்த பிள்ளை. சொந்தம் பந்தம் பார்க்காமல் எல்லாரிடமும் போகும். அப்புறம் நம் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையில் அதிகாரத்துக்கு ஓர் அடி: 38 அடிப் பீடம் அறத்துப்பாலுக்கு, மேலே 95 அடி மற்ற இரண்டு பாலுக்கு. அன்புடைமை 8ஆம் அதிகாரம், ஆக அது பீடத்தில் இருக்கிறது. படம் பிடிக்கிறவர்கள் அண்ணாந்தே பார்க்கிறார்கள்.

கடக்கரைப் பையன்:
சார், ஒரு சந்தேகம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது காணாமல் போனவர்களைத் தேடி எங்கள் ஆட்களே படகெடுத்துப் போனார்கள். என் மாமா தேடிப்போன ஆளோடு அவருக்கு வலைத் தகராறில் நான்கு வருடமாகப் பேச்சில்லை. ஆள் உயிரோடு கரைக்கு வந்தார். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, இன்றுவரை. இது எந்தச் சொல்லில் வரும்?

கருங்கல் அக்கா:
கேள்வி கேட்ட தம்பி, அம்மா பதில் சொல்லிவிட்டாரே, 'மக்களே' என்று. ஒற்றை ஆளைக்கூடப் பாசமாக அப்படித்தானே நம் ஊரில் கூப்பிடுகிறோம். வெளியூர் ஹாஸ்டலில் இருந்த ஒரு வருடம் என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழக்கடைப் பாட்டி "என்ன வேணும் மக்களே" என்றார், அங்கேயே நின்று அழுதேன். பழத்துக்கு விலை கூடத்தான் போட்டார், அது வேறு.

மார்த்தாண்டத்தான்:
அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சும்மா நின்றேன். மறுபடியும் பைசா வேணுமா என்றார். ஐந்நூறு வாங்கிக்கொண்டேன்.