ஒவ்வொரு திருத்தத்துக்கும் 1.4 ஜிபி ஏற்ற வேண்டியிருக்கிறது, பில்லில் தமிழும் வரவில்லை: டொக்கர் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வெள்ளாமைக்காரன் (சம்மாந்துறை)

ஊரில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்குச் செயலி ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். மூடை எத்தனை, நிறை, ஈரப்பதம், வாங்கிய முற்பணம் போக மிச்சம் எவ்வளவு என்று பதிந்தால் விவசாயியின் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு பிடிஎஃப் பில் வரும். நோட் ஜேஎஸ்ஸில் எழுதியது, தரவு எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில், பில் போடுவது பப்பெட்டியர், அது உள்ளே குரோமியம் பிரவுசரை ஓட்டிப் பிடிஎஃப் எடுக்கும். சிங்கப்பூரில் 1 ஜிபி ரேம் உள்ள சின்னச் சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

லப்டொப்பில் டொக்கர் இமேஜை (செயலியையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்த பொதி) கட்டி, டொக்கர் சேவ் கட்டளையால் ஒரே கோப்பாக்கிச் சுருக்கி, சேர்வருக்கு அனுப்புகிறேன். இமேஜ் 1.4 ஜிபி. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் முழுவதும் போக வேண்டும், டொங்கிளில் பாதி இரவு போய்விடுகிறது, இடையில் கரண்ட் நின்றால் திரும்ப முதலிலிருந்து. சரி, சேர்வரிலேயே கட்டுவோம் என்று பார்த்தால் 137 என்று காட்டி நின்றுவிடுகிறது. அத்தோடு பில்லில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. டொக்கர் இல்லாமல் லப்டொப்பில் ஓட்டினால் அதே பில் அழகாக வருகிறது! மாரி வெள்ளாமை வெட்டு தொடங்க முன்னர் இதை ஆலையில் ஓட விட வேண்டும்.

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)

தம்பி, 1.4 ஜிபி என்பதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்த முழுவதையும் அனுப்புவதுதான் பிழை. டொக்கர் இமேஜ் ஒற்றைக் கட்டி இல்லை, அடுக்கடுக்காக இருப்பது. ஒரு அடுக்கு மாறினால் அதுவும் அதற்கு மேலே இருப்பவையும்தான் திரும்பக் கட்டப்படும், கீழே உள்ளவை அப்படியே கிடக்கும். இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் டொக்கர்ஃபைலில் நீங்கள் எல்லாக் கோப்பையும் முதலே கொப்பி பண்ணிவிட்டு அதற்குப் பிறகு நூலகங்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டோல் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், தொடங்கும் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதனால் ஒரு வரி மாறினாலும் நூலகங்கள் எல்லாம் புதிதாக இறங்கிப் பெரிய அடுக்கு ஒன்று உருவாகிறது. குரோமியம் போன்ற பாரமானவற்றை ஆக அடியில் நிறுவுங்கள். அதற்கு மேல் நூலகப் பட்டியல் இருக்கும் பக்கேஜ் ஜேசன், லொக் கோப்பு இரண்டையும் மட்டும் கொப்பி பண்ணி என்பிஎம் சிஐ ஓட்டுங்கள். உங்கள் கோட் கடைசியில் வரட்டும்.

ஆனால் சேவ் போட்டு அனுப்பும்வரை இந்த ஒழுங்கால் உங்கள் டொங்கிளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் அது எல்லா அடுக்கையும் சேர்த்தே கட்டும். ரெஜிஸ்ட்ரி ஒன்றுக்கு (இமேஜ்களைச் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியம்) புஷ் பண்ணினால் அங்கே ஏற்கெனவே உள்ள அடுக்குகளை விட்டுவிட்டு மாறியது மட்டும் போகும். அதைவிட நல்ல வழி, இமேஜை உங்கள் லப்டொப்பில் கட்டவே வேண்டாம். கோடை கிட்ஹப் என்ற கோட் சேமிக்கும் தளத்துக்கு அனுப்புங்கள், அதன் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் அங்கேயே கட்டி அவர்களுடைய ரெஜிஸ்ட்ரியில் போடும், சேர்வர் அதை இறக்கி ஓட்டும். சம்மாந்துறையிலிருந்து மேலே போவது சில கிலோபைட்தான். நான் ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இருந்துகொண்டு இப்படித்தான் வேலை செய்கிறேன், கரண்ட் போனாலும் கட்டுகிற வேலை அங்கே நடந்துகொண்டே இருக்கும்.

137 என்பது 128 உடன் 9, அதாவது புரோகிராம் பலாத்காரமாக நிறுத்தப்பட்டிருக்கிறது, உங்கள் விடயத்தில் ரேம் போதாமல் லினக்ஸே நிறுத்தியிருக்கும். 1 ஜிபியில் கட்டும் வேலை வைக்காதீர்கள். ஓடுவதற்கும் குரோமியம் நன்றாகத் தின்னும், 2 ஜிபி ஸ்வொப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) போட்டு வையுங்கள். அடிப்படை இமேஜை ஸ்லிம் என்ற சிறிய வகைக்கு மாற்றலாம். சின்னது என்று அல்பைன் லினக்ஸ் பக்கம் போகாதீர்கள், அங்கே இருப்பது முஸ்ல் என்ற வேறு சி நூலகம் என்பதால் பப்பெட்டியர் தானாக இறக்குகிற குரோம் அதில் ஓடாது.

களுவாஞ்சிக்குடி அக்கா

கட்டம் வருவதற்குக் காரணம் எழுத்துரு இல்லாதது. உங்கள் விண்டோஸில் நிர்மலா இருக்கிறது, அதனால் தமிழ் வந்தது. கொன்டெய்னருக்குள், அதாவது இமேஜிலிருந்து உருவாகி ஓடுவதற்குள், நீங்கள் வைத்தது மட்டும்தான் இருக்கும், அங்கே தமிழ் எழுத்துரு ஒன்றும் இல்லை. டெபியன் இமேஜ் என்றால் குரோமியம் நிறுவும் அதே அடுக்கில் ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற பொதியையும் சேருங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் அதற்குள் வரும். பிறகு கொன்டெய்னருக்குள் போய் எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் ஓட்டினால் வந்ததா என்று தெரியும்.

இன்னொன்று, சேர்வர் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு அதிலிருந்து 5.30 மணித்தியாலம் கூட. விடியற்காலை 4 மணிக்கு உழவு இயந்திரத்தில் நெல் வந்தால் பில்லில் முதல் நாள் திகதி விழும், காசு விடயத்தில் அது வீண் சண்டை. டிஇசட் என்ற சூழல் மாறியில் ஏசியா/கொழும்பு என்று கொடுங்கள். எஸ்கியூலைட் தானாகப் போடுகிற நேரம் அப்போதும் யுடிசிதான், திகதியை நோட் பக்கத்தில் எடுத்து எழுதுங்கள்.

வெள்ளாமைக்காரன்

அண்ணா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. கிட்ஹப்பில் கட்ட விட்டேன், இப்போது ஒரு திருத்தம் சில நிமிடத்தில் சேர்வருக்குப் போகிறது. தமிழும் வந்துவிட்டது, கொம்பு கால் எல்லாம் சரியான இடத்தில்.

ஆனால் மனம் பதறுகிறது. நேற்று ஆலையில் 3 பில் போட்டுப் பார்த்தார்கள். இன்று புதிய இமேஜை ஓட்டினால் அந்த 3 பில்லும் இல்லை, நான் லப்டொப்பில் சோதனைக்குப் போட்ட பெயர்கள் வந்து நிற்கின்றன.

காத்தான்குடி நானா

தம்பி, முதலில் பயன்படாதவற்றை அழிக்கும் புரூன் கட்டளை எதுவும் போடாதீர்கள். பழைய கொன்டெய்னரை நிறுத்தி மட்டும் வைத்திருந்தால் அந்தத் தரவுக் கோப்பு இன்னும் அதற்குள் இருக்கிறது, டொக்கர் சிபி என்ற கொப்பிக் கட்டளை மூலம் வெளியே எடுக்கலாம், அது ஓடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நடந்தது என்னவென்றால், தரவுக் கோப்பு கோட் இருக்கும் அதே ஃபோல்டரில் இருந்திருக்கிறது. அது கோடைக் கிட்ஹப்புக்குக் கொண்டுபோகும் கிட்டுக்குள் போய், அங்கிருந்து இமேஜுக்குள்ளும் போய்விட்டது. ஆகவே புதிய கொன்டெய்னர் ஒவ்வொன்றும் உங்கள் சோதனைப் பெயர்களோடுதான் பிறக்கும். விட்டுவிட வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர், டொக்கர்இக்னோர் இரண்டிலும் அந்தக் கோப்பையும் இரகசிய அமைப்புகள் இருக்கும் டொட் என்வ் கோப்பையும் நூலகங்கள் இருக்கும் நோட் மொடியூல்ஸையும் எழுதுங்கள். ஏற்கெனவே கிட்டில் ஏறிய கோப்பை இக்னோர் தானாக நீக்காது, அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பிறகு தரவுக்கென்று தனி ஃபோல்டர், அதற்குப் பெயர் வைத்த வொல்யூம் (கொன்டெய்னர் போனாலும் தங்கும் சேமிப்பிடம்). கொன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் கொம்போஸ் டவுன் கட்டளையைப் போடும்போது வீ (-v) என்ற தெரிவைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் வொல்யூமும் போகும். நான் ஒரு கடைக்குச் செய்த செயலியில் அப்படி அடித்து ஒரு மாதக் கணக்கை இழந்தேன், கடைக்காரரோடு 2 நாள் இருந்து பில் கட்டைகளைப் பார்த்துத் திரும்பப் பதிந்தோம்.

வொல்யூம் இருந்தாலும் காப்புப் பிரதி வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பைச் சும்மா கொப்பி பண்ணினால் பாதி எழுதிய நிலையில் வரலாம், எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையால் எடுத்து ஒவ்வொரு இரவும் சேர்வருக்கு வெளியே ஒரு இடத்துக்கு அனுப்புங்கள்.

வெள்ளாமைக்காரன்

நானா, நிறுத்தித்தான் வைத்திருந்தேன். 3 பில்லும் கிடைத்தது. வொல்யூம் போட்டு, புதிய இமேஜை 2 தடவை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டேன், பதிவுகள் அப்படியே இருக்கின்றன. இரவுக் காப்புப் பிரதியை இன்றைக்கே போடுகிறேன்.