லான்ட் றோவரின் பின் வில்லு போல்ட் அசைய மறுக்கிறது: சூடாக்குவதா, அறுப்பதா?

வட்டுவாகல் வண்டிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1975ஆம் ஆண்டு லான்ட் றோவர் சீரிஸ் 3 வண்டி ஒன்று உள்ளது. 88 அங்குல வகை, 2.25 லீற்றர் டீசல் எஞ்சின். வலது பின் வில்லின் (தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்கின்) மேல் தகடு, போல்ட் நுழையும் வளையமான கண்ணுக்கு அருகில் வெடித்துவிட்டதனால், காலபோக விதைப்புக்கு முன்னர் அதை மாற்றிவிடலாம் என்று வேலையைத் தொடங்கினேன். இன்று நான்காவது நாளாக வண்டி பனையடியில் தாங்கிகளின் மேல் நிற்கிறது. மாரியில் வட்டுவாகல் பாலத்தின் மேல் நீர் பாயும் நாட்களிலும் இந்த வண்டியில்தான் போய் வந்தோம். நந்திக்கடலின் உவர்நீர் அந்தப் போல்ட்டுகளை எத்தனை தடவை நனைத்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு, 3 நாட்கள் காலையும் மாலையும் டபிள்யூடி-40 எனும் தெளிப்பு எண்ணெயை அடித்தேன். ஷக்கிளின் (வில்லின் பின்முனையை வண்டியின் சட்டகத்தோடு இணைக்கும் இரட்டைத் தகட்டின்) கீழ்ப் போல்ட்டிலிருந்த நட்டு, சாவியில் 4 அடிக் குழாயைப் பூட்டி இழுத்தபோது கழன்றது. போல்ட் மட்டும் வரவில்லை. அதன் தலையில் 21 மில்லிமீட்டர் சொக்கட்டைப் போட்டுத் திருப்பினால் ஏறக்குறைய அரைக்கால் சுற்று அசைகிறது. கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. தலையின் மூலைகளும் மழுங்கத் தொடங்கிவிட்டன. சம்மட்டியால் அடித்ததில் போல்ட்டின் நுனி நசுங்கியதுதான் மிச்சம். மேல் போல்ட்டும் வில்லின் முன்முனைப் போல்ட்டும் சற்றும் அசையவில்லை. காஸ் வெல்டிங் வைத்திருக்கும் ஒருவரை அழைத்துச் சூடாக்கலாமா, அல்லது வேறு வழி உண்டா?

பழைய சம்மட்டி:

தம்பி, கையை விட்டதும் திரும்பிவிடுகிறது என்று எழுதினீர்களே, நோய் இன்னதென்று அந்த வரியே சொல்லிவிட்டது. வில்லின் கண்ணுக்குள் இருக்கும் புஷ் என்பது இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே றப்பரை ஒட்டிச் செய்த ஒரு பொருள். வெளிக்குழாய் வில்லின் கண்ணோடு இறுகியிருக்கும். உட்குழாயின் ஊடாகத்தான் போல்ட் செல்லும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதனால், போல்ட்டுக்கும் உட்குழாய்க்கும் இடையிலிருந்த மயிரிழை இடைவெளி முழுவதும் நிரம்பி, இரண்டும் ஒரே இரும்பாகிவிட்டன. நீங்கள் திருப்பும்போது போல்ட் கழலவில்லை, றப்பர்தான் முறுகுகிறது. விட்டதும் அது தன் நிலைக்குத் திரும்புகிறது. குழாயை 8 அடியாக நீட்டினாலும் முறுகப் போவது அதே றப்பர்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வண்டியில் ஷக்கிளின் இரண்டு தகடுகளுள் ஒன்றுக்குள்ளேயே மரை (திருகுப்புரி) வெட்டப்பட்டிருக்கும். போல்ட் முதலில் அந்தத் தகட்டுக்குள் திருகி ஏறி, அதன் பிறகே நட்டால் பூட்டப்படும். ஆகவே நட்டைக் கழற்றிவிட்டு நுனியில் அடிப்பது, திருகாணியைச் சுவரிலிருந்து அடித்து வெளியேற்ற முயல்வதற்கு ஒப்பானது. இதை அறியாமல் நானும் முதல் வண்டியில் ஒரு பகல் முழுவதும் அடித்தேன்.

டபிள்யூடி-40 அடிப்படையில் நீரை அகற்றுவதற்காக உருவாக்கப்பட்டது; அதன் பெயரிலுள்ள எழுத்துகளே அதைத்தான் குறிக்கின்றன. ஓட்டோ கியர் வண்டிகளுக்கு ஊற்றும் கியர் ஒயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து ஊற்றினால், அது மரைக்குள் அதைவிட நன்றாக ஊறும், ஆனால் அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். எதை ஊற்றினாலும் உட்குழாயின் நடுப்பகுதி வரை அது போய்ச் சேராது என்பதனால், நான் நேராகச் சொல்வேன்: அறுத்துவிடுங்கள். வில்லும் புஷ்ஷும் போல்ட்டும் எப்படியும் புதிதாகத்தான் போடப்போகிறீர்கள், காப்பாற்ற வேண்டியது சட்டகம் ஒன்றுதான்.

ஷக்கிள் தகட்டுக்கும் வில்லின் கண்ணுக்கும் இடையிலுள்ள சந்தில், இரு பக்கமும் போல்ட்டை அறுக்க வேண்டும். கிரைண்டரின் தட்டு அங்கே நேராக நுழையாது. முன்பின் ஓடும் மின்வாளில் இரும்பறுக்கும் அலகைப் பூட்டினால் நுழையும். போல்ட் கடினமான உருக்கு என்பதனால் அலகுகள் விரைவில் மழுங்கும், மேலதிகமாக வாங்கி வைத்திருங்கள். அறுப்பதற்கு முன்னர் சட்டகத்தைத் தாங்கிகளில் நிறுத்தி, அக்சிலுக்கு (சில்லுகளை இணைக்கும் அச்சுக்கு) கீழே ஜக்கை வைத்து, வில்லு தொங்காமலும் சுமையேறாமலும் இருக்கும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் போல்ட் அறுந்த கணத்தில் வில்லு துள்ளும், கை அதன் பாதையில் இருக்கக் கூடாது.

கடைசியாக அந்த 21 மில்லிமீட்டர் சொக்கட். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவினவை. 13/16 அங்குலம் என்பது 20.64 மில்லிமீட்டர், மூலைகள் மழுங்கியதற்கு அந்த வித்தியாசமே போதும்.

கிளிநொச்சி உழவன்:

அண்ணையின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், எனினும் சூடாக்குவதை முற்றாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மரையில் பிடித்திருக்கும் நட்டுக்கு நெருப்பைப் போன்ற மருந்து வேறில்லை. நட்டைச் சுற்றிச் சூடாக்கினால் அது போல்ட்டைவிட முந்தி விரிந்து பிடியைத் தளர்த்தும். வில்லை அக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட் நட்டுகளை நான் அவ்வாறுதான் கழற்றினேன். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய போர்க்காலத்தில் ஊறவைப்பதற்கும் எங்களுக்கு மண்ணெண்ணெய்தான் கிடைத்தது, ஒரு கிழமை பொறுத்தால் அதுவும் ஓரளவு வேலை செய்தது.

பழைய சம்மட்டி:

நட்டுக்கு நெருப்பு சரி, நானும் அதைத்தான் செய்வேன். புஷ்ஷுக்குள் பிடித்த போல்ட்டுக்கு அது சரிவராது, ஏனென்றால் விரிய வேண்டிய உட்குழாயைச் சுற்றி றப்பர் இருக்கிறது. நெருப்பு அதனை அடைவதற்குள் றப்பர் கரும்புகையோடு எரியத் தொடங்கிவிடும். 88 அங்குல வண்டியில் எரிபொருள் தாங்கி வலது முன் ஆசனத்தின் கீழே இருப்பதையும், தம்பி மாற்றுவது வலது வில்லு என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதன் முன்முனையில் தீயைப் பிடிக்கவே கூடாது. அறுக்கும்போதும் பொறி பறக்கலாம், பனையடியில் கிடக்கும் காவோலைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

வட்டுவாகல் வண்டிக்காரன்:

மிக்க நன்றி, ஐயா. மின்வாளை வவுனியாவிலிருந்து ஓர் உறவினர் கொண்டுவந்து தந்தார். 3 போல்ட்டுகளையும் அறுத்து முடிக்க 5 அலகுகளும் ஒரு முழுப் பகலும் செலவாயின. வில்லு கீழே இறங்கிவிட்டது. அறுத்த துண்டை வில்லின் கண்ணோடு குறடில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னவாறே, போல்ட் எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்தறிய முடியவில்லை. இப்போது சட்டகத்திலுள்ள மேல் புஷ் எஞ்சியிருக்கிறது. அதை அடித்து வெளியேற்றினால் சட்டகம் நெளியுமோ என்று அஞ்சுகிறேன்.

கிளிநொச்சி உழவன்:

அடிக்க வேண்டாம், தம்பி. றப்பரைத் துளைகருவியால் சுற்றிவரத் துளைத்தால் உட்குழாய் போல்ட்டின் மிச்சத்தோடு வெளியே வந்துவிடும். எஞ்சும் வெளிக்குழாயின் உட்புறத்தில் இரும்பரியும் வாளின் அலகை மட்டும் கையில் பிடித்து, நீளவாக்கில் ஒரு கோடாக அறுங்கள். அலகு சட்டகத்தின் இரும்பைத் தொடுவதற்குச் சற்று முன்னர் நிறுத்திவிட வேண்டும். அறுபடும் இரும்புத் தூளின் நிறம் மாறுவதும் ஓசை மாறுவதும் உங்களுக்குத் தெரியும். பிறகு உளியால் அந்தக் கோட்டை உள்நோக்கி மடித்தால் குழாய் சுருங்கிக் கழன்றுவிடும். புதிய புஷ்ஷை ஏற்றுவதற்கு நீண்ட மரைக்கம்பி ஒன்றும், 2 நட்டுகளும், புஷ்ஷின் வெளிவிளிம்பில் மட்டும் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டும் போதுமானவை. நடுக்குழாயை அழுத்தி ஏற்றினால் றப்பர் ஒட்டு விட்டுப் போகும்.

பழைய சம்மட்டி:

புதிய போல்ட்டின் தண்டுக்குக் கொப்பர் கிறீஸ் (செப்புத்தூள் கலந்த கிறீஸ்) பூசுங்கள், அடுத்த தடவை அறுக்க வேண்டியிராது. பூட்டும்போது எல்லா நட்டுகளையும் கையிறுக்கமாக மட்டும் விட்டு, சில்லுகளைப் போட்டு வண்டியை நிலத்தில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும்.

ஒரு வில்லை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாயும், இடதையும் வாங்குங்கள். ஓட்டுநர் பக்க வில்லின் வளைவு மறுபக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், ஆகவே கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, எது வலது என்று சோக்கட்டியால் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வட்டுவாகல் வண்டிக்காரன்:

இரண்டையும் வாங்கிவிட்டேன், ஐயா. இடது பக்கத்தில் நட்டைத் தொடாமலே நாளைக் காலை வாளை எடுக்கிறேன்.