பொன்னியின் செல்வனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?

தேன்மொழி:
‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வந்தபோது நாவல் படித்தவர்களில் பலருக்கு மனக்குறை, படிக்காதவர்கள் ரசித்தார்கள். ‘அசுரன்’ படமும் நாவலில் இருந்து வந்ததுதான், மாற்றங்களும் நிறைய. ஆனால் பூமணியின் ‘வெக்கை’க்காக யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லையே, ஏன்? படம் மட்டும் பார்த்தவர் எதை முதலில் படிக்கலாம்?

ஏட்டுச்சுவடி:
பொன்னியின் செல்வன் 1950இல் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு வந்த தொடர். மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும் அப்போதே வாசகர் மனதில் குடியேறிவிட்டார்கள். யார் நடித்தாலும் அந்த முகங்களோடு ஒப்பிடத்தான் செய்வார்கள்.

இன்னொன்று, கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது. நாவலில் ஆடிப்பெருக்கன்று, 74 கணவாய்கள் கொண்ட வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நாட்டு நடப்பு அவனுக்குத் தெரியவரும்போதுதான் நமக்கும் தெரியவரும். கடம்பூர் சதிக்கூட்டத்தை அவனோடு சேர்ந்து ஒளிந்து கேட்கிறோம். படமோ முன்கதையைச் சொல்லிவிட்டு ஆதித்த கரிகாலனின் போருக்குப் போய்விடுகிறது. மர்மம் அங்கேயே பாதி குறைகிறது.

ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல யாரையாவது விடத்தான் வேண்டும். மணிமேகலையை விட்டது வருத்தம்தான், காரணம் புரிகிறது. ஆனால் சேந்தன் அமுதன் விஷயம் அப்படியல்ல. பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் அவன்தான் உண்மையான இளவரசன் மதுராந்தகன் என்பது நாவலின் பெரிய முடிச்சு. பதவியே வேண்டாம் என்பவன் தலையில் அருள்மொழி கிரீடத்தை வைக்கிறான். படத்தில் அந்தக் கிரீடம் அரியணைக்காகச் சதி செய்த மதுராந்தகனுக்கே போகிறது. தியாகத்தின் எடையே மாறிவிட்டது!

கரிசல்காடு:
வெக்கை (1982) படித்தவர்களைவிட அசுரன் (2019) பார்த்தவர்கள் பல மடங்கு. ஒப்பிட ஆள் இருந்தால்தானே சண்டை வரும்? ஆனால் அது மட்டும் காரணமில்லை. நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கதை. அவன் செய்யும் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பிறகு அவனும் அய்யாவும் எங்கே பதுங்கினார்கள், எதைப் பொங்கித் தின்றார்கள் என்பதுதான் நாவல். பழைய கதையெல்லாம் பேச்சுவாக்கில் கசியும். திரையில் அதை மட்டும் வைத்து இரண்டரை மணி நேரம் ஓட்டுவது கடினம். அதனால் இயக்குநர் வெற்றிமாறன் தகப்பனை நடுவில் நிறுத்தி, அவருடைய இளமைக்காலத்தைத் தனிக் கதையாகவே சேர்த்தார். முடிவும் வேறு: நாவலில் தகப்பனும் மகனும் சரணடையப் போகிறார்கள், படத்தில் தகப்பன் பழியைத் தானே ஏற்கிறார். இரண்டையும் தனித்தனிப் படைப்பாகப் பார்ப்பதே நியாயம். ஏட்டுச்சுவடி சொல்லும் அளவுகோலை இங்கே வைத்தால் அசுரன் தோற்றுப்போகும், அது சரியல்ல.

நூலகவாசி:
வெக்கையில் தொடங்குங்கள், சின்ன நாவல். வட்டாரப் பேச்சு தடுக்கினால் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள், பிடிபட்டுவிடும். கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதால் பொன்னியின் செல்வன் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சில் வாங்கினால் சுருக்கப் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், ஐந்து பாகமும் முழுதாக இருக்க வேண்டும். அதில் வரும் ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவ வாதம் அலுத்தாலும் கடம்பூர் மாளிகை வரை நிறுத்தாமல் போய்விடுங்கள்.