மாணவர் சங்கம் தொடங்க எந்தப் பதிவு நல்லது? யுகே, ஜெர்மனி போன குமரிப் பிள்ளைகளுக்கு

கேள்வி: அண்ணன்மாரே, அக்காமாரே, மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் லீட்ஸில் மாஸ்டர்ஸ் படிக்கிறோம். தமிழ் மாணவர் சங்கம் தொடங்கி, நவம்பர் 1 குமரி இணைப்பு நாள் விழா எடுக்க ஆசை. ஊரில் மாதிரி ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிந்தால் போதுமா? கம்பெனியாகப் பதியச் சொல்றாங்க சிலர்.

பதில்: மக்களே, ஏழு பேர், பைலா, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ் என்பதெல்லாம் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்து வழி. இங்கிலாந்தில் சங்கங்களுக்கென்று தனிப் பதிவேடே கிடையாது. பைலா எழுதிக் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டால் சங்கம் பிறந்தாச்சு. ஆனால் சங்கத்தின் பெயரிலேயே ஒப்பந்தம் போட, அது சட்டப்படி தனி நபர் ஆகாது. ஹால் ஒப்பந்தத்தில் செயலாளர் கையெழுத்துப் போட்டால் பொறுப்பும் அவர் தலையில்தான். ஸ்பீக்கர் உடைந்தாலும் வாடகை பாக்கி நின்றாலும் அவரையும் கமிட்டியையும்தான் தேடி வருவாங்க.

உங்க படிப்பு ஒரு வருடம். செப்டம்பரில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பிடுவீங்க. அதைத் தாங்குகிற அமைப்புதான் வேணும். அதனால் முதல் வருடம் பல்கலைக்கழக மாணவர் யூனியனில் சொசைட்டியாகச் சேருங்க. பொதுவாக ரூம், இன்சூரன்ஸ், பணக் கணக்கு எல்லாம் யூனியன் வழியாகவே நடக்கும். பதிலுக்கு, உறுப்பினராக எல்லா மாணவருக்கும் கதவு திறந்திருக்கணும். குமரிக்காரருக்கு மட்டும், ஒரு சபைக்காரருக்கு மட்டும் என்று எழுதினால் திருப்பி அனுப்பிடுவாங்க. யூனியன் கணக்கு வரும்வரை சந்தாவை யாருடைய சொந்த அக்கவுண்டிலும் வாங்காதீங்க. பிறகு எது யார் பணம் என்று பிரிக்கவே முடியாது.

கம்பெனி வேண்டாம் என்பதே என் கருத்து. பங்குதாரர் இல்லாத, லாப நோக்கமில்லாத உத்தரவாதக் கம்பெனியானாலும் வருடாவருடம் கணக்கும், கம்பெனி விவரம் சரி என்று சொல்லும் உறுதி அறிக்கையும் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தில் தாக்கல் செய்யணும். கணக்கு ஒரு நாள் பிந்தினாலும் 150 பவுண்டு அபராதம், ஆறு மாதம் தாண்டினால் 1,500. அடுத்த வருடமும் பிந்தினால் இரட்டிப்பு. நினைவூட்டல் கடிதம் போவது பதிவு முகவரிக்கு. அது நீங்க காலி பண்ணிவிட்டுப் போன வாடகை வீடாக இருக்கும். இன்னொன்று, மாணவர் விசாவில் தொழில் நடத்தத் தடை இருக்கு. டைரக்டராகக் கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் எழுத்தில் பதில் வாங்கி வையுங்க.

நாலைந்து பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்துறீங்க, சொந்தமாக இடம் வாடகைக்கு எடுக்கிறீங்க என்ற நிலை வந்தால் சி.ஐ.ஓ. நல்லது. 2013 முதல் நடப்பில் உள்ள அறநிறுவன வடிவம் அது. சாரிட்டி கமிஷனில் மட்டும் பதிந்தால் போதும், சங்கத்துக்குச் சட்டப்படி தனி நபர் அந்தஸ்தும் கிடைக்கும். சறுக்குவது நோக்கம் எழுதும் இடத்தில்தான். “உறுப்பினர்கள் ஒன்றுகூடி மகிழ்வது” என்று எழுதினால் அறப்பணி ஆகாது. “தமிழ் மொழி, கலை குறித்த கல்வியைப் பொதுமக்கள் நலனுக்காக வளர்ப்பது” என்ற போக்கில் எழுதுங்க.

பைலாவில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை, கூட்டி வைக்காதீங்க. மூன்றில் இரண்டு பங்கு என்று ஊர் வழக்கப்படி எழுதினால், படிப்பு முடித்துப் போனவங்க பெயரும் பட்டியலில் கிடக்கும், ஒரு கூட்டமும் செல்லாது, பைலாவைத் திருத்தவும் முடியாது. மாணவர் அந்தஸ்து முடிந்த அன்றே உறுப்பினர் உரிமை தானாக முடியும் என்று ஒரு வரி சேருங்க. தேர்தலை மே மாதமே நடத்துங்க. பேங்க் கையெழுத்து அதிகாரம், இமெயில் பாஸ்வேர்டு, தீர்மான நோட்டு மூன்றும் கைமாறாமல் பழைய பொருளாளரை விடுவிக்காதீங்க.

ஜெர்மனியிலிருந்து ஒரு பதில்: இங்கே தம்பி தங்கைகள் ஃபெராய்ன் (சங்கம்) பதிவு செய்யத் தொடக்கத்தில் ஏழு உறுப்பினர் வேணும், பிறகு மூன்றுக்குக் கீழே குறைந்தால் நீதிமன்றம் சட்ட அந்தஸ்தை எடுத்துவிடும். நிர்வாகிகள் மாறும்போதெல்லாம் நோட்டரி சான்றோடு நீதிமன்றத்தில் மறுபடி பதியணும், செலவும் உண்டு. ஆகவே பதவிக்காலம் இரண்டு வருடம் என்று வையுங்க, ஆரம்பப் படிப்பில் இருக்கிறவங்களைத் தேர்ந்தெடுங்க. வரிச்சலுகை வேணும்னா, சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் எந்தப் பொதுநல அமைப்புக்கு அல்லது எந்தப் பொதுநல நோக்கத்துக்குப் போகும் என்று விதியில் இருக்கணும். வரைவை ஃபினான்ஸ்அம்ட் என்ற வரி அலுவலகத்துக்கு முதலில் அனுப்பி, சரி என்று வந்த பிறகு தொடக்கக் கூட்டம் போடுங்க. இல்லைன்னா திருத்தத்துக்கே மறுபடி நோட்டரி.

கேள்வி: சங்கம் சேர்த்த பணத்தைக் குளச்சலில் ஒரு வாசகசாலைக்கு அனுப்பலாமா அண்ணே?

பதில்: நேரடியாகக் கூடாது மக்களே. வெளிநாட்டுச் சங்கத்தின் பணம் வெளிநாட்டு நன்கொடை. வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்கணும், எஸ்பிஐ டெல்லி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இருக்கணும். பெரும்பாலான ஊர் மன்றங்களுக்கு அது இருக்காது. 2017 ஓகி புயல் மாதிரி ஒன்று வந்து அவசரமாக உதவ நினைக்கும்போதும் இதே சட்டம்தான். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவங்க தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதனால் சங்கத்தில் உண்டியல் வைக்காமல், ஒவ்வொருத்தரும் தனித்தனியாக மன்றத்தின் அக்கவுண்டுக்கு அனுப்பி ரசீது வாங்கிக்கோங்க.